கசிந்தால் கசியட்டும், மண் போகக் கூடாது

ஏரி, அணை, கரை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, பழனி மலையில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: தாத்தா காலத்தில் எங்கள் தோட்டத்து ஓடையை மறித்துப் போட்ட மண்கரை, நடுவில் 25 அடி உயரம், கருங்கல் மதகு. சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு கரையின் மேல், தண்ணீர்ப் பக்கமாக, மதகுக்கு நேர் மேலே ஆட்டுக்கல் அளவுக்கு ஒரு குழி விழுந்தது. இரண்டு முறை மண் கொட்டி மூடினோம். மறுபடியும் இறங்கிவிட்டது. மதகை இறுக அடைத்தாலும் வெளிவாயில் கொஞ்சம் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. மழை நாளில் அது செந்நிறமாக வருகிறது. குழியில் கான்கிரீட் ஊற்றிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. ஊற்றலாமா?
(காப்பித் தோட்டக்காரர், தாண்டிக்குடி)

பதில்: வேண்டாம் சார். கான்கிரீட்டுக்கு முன்னால் மேஸ்திரியிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டு முறை கொட்டிய மண் எங்கே போயிற்று? கரைக்குள் அது காணாமல் போக இடம் கிடையாது. எதன் வழியாகவோ வெளியே போயிருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அந்த வழி மதகுக் குழாய்தான்.

அந்தக் காலத்து மதகுகளில் கருங்கல்லைச் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியிருப்பார்கள். மலை ஓடைத் தண்ணீரில் உப்பு குறைவு. அப்படிப்பட்ட தண்ணீர் காரையிலுள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுத்துவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடுக்கு விழும். ஏரி நிறைந்திருக்கும்போது கரைக்குள் ஊறிய நீர் அந்த இடுக்கைத் தேடி ஓடும், ஓடும்போது துகள் துகளாக மண்ணையும் குழாய்க்குள் இழுத்துப் போடும். குழாய்க்கு மேலே பொக்கை விழும். பொக்கையின் கூரை தாங்குகிறவரை வெளியே ஒன்றும் தெரியாது. கூரை இடிந்த அன்றைக்குத்தான் உங்கள் கண்ணுக்குக் குழி தெரிந்தது. ஆகவே குழியைத் தொடக்கம் என்று நினைக்காதீர்கள், வேலை உள்ளே வெகுநாளாக நடந்திருக்கிறது.

இதை உள்ளரிப்பு என்போம். உலகத்தில் உடைந்த பெரிய மண் அணைகளின் கணக்கை எடுத்தால், ஏறக்குறைய பாதி வெள்ளம் கரைக்குமேல் வழிந்து உடைந்தவை. கிட்டத்தட்ட மறுபாதி இந்த உள்ளரிப்பால் போனவை. வெள்ளமாவது வானம் கறுத்து, மழை கொட்டி, முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வரும். இது நல்ல வெயில் நாளிலும் வரும்.

கான்கிரீட் ஏன் கூடாது? அது கெட்டியாக ஒரே கட்டியாய் உட்கார்ந்துகொள்ளும். கீழே மண் அரிப்பது நிற்காது. கட்டிக்கு அடியிலும் பக்கத்திலும் புதிய பொக்கை விழும். இந்தத் தடவை அது மேலே தெரியவும் தெரியாது. இதுவரை உங்களுக்கு இருந்த ஒரே எச்சரிக்கை அந்தக் குழிதான், அதையும் மூடிவிடுவீர்கள். அதே காரணத்துக்காக வெளிவாயில் சாக்கைத் திணித்து அடைப்பதும் வேண்டாம். தண்ணீர் வேறு வழி தேடும்.

இப்போது செய்ய வேண்டியது, ஏரியை இறக்குவது. மதகை முழுக்கத் திறந்து இறக்காதீர்கள். நோயே அதில்தான் இருக்கிறது, வேகமாகத் தண்ணீர் ஓடினால் இடுக்கில் உள்ள மண்ணை இன்னும் இழுக்கும். தோட்டத்து டீசல் என்ஜினைக் கரையில் வைத்து இறையுங்கள், அல்லது கரைக்கு மேலாகக் குழாய் போட்டு சைஃபன் முறையில் எடுங்கள். ஒரு நாளில் ஓரடிக்கு மேல் இறக்க வேண்டாம். மட்டம் சட்டென்று இறங்கினால், ஊறிப்போன தண்ணீர்ப்பக்கச் சரிவு தன் கனம் தாங்காமல் சரியும். ஆனால் வெளிவாயில் வரும் தண்ணீர் குழம்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெருகினால் இந்த ஓரடிக் கணக்கையெல்லாம் விட்டுவிடுங்கள். ஓடையின் கீழே குடியிருப்பவர்களை மேட்டுக்கு அனுப்பிவிட்டு கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் சொல்லுங்கள். அதன் பிறகு கரையைப் பற்றி யோசிக்கலாம்.

மட்டம் இறங்கியதும் ஆய்வு. குழியை மூடாமல், மழை விழாதபடி மேலே தார்ப்பாய் கட்டுங்கள். ஒரு இரும்புக் கம்பியைக் குழியிலும் அதைச் சுற்றியும் குத்திப் பாருங்கள். கை அழுத்தாமலே கம்பி இறங்குகிற இடங்களைச் சுண்ணாம்பால் குறித்துக்கொண்டே வந்தால் பொக்கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று தெரிந்துவிடும். ஃப்ளோரசின் என்ற பச்சைச் சாயம் கிடைக்கும். அதைக் கரைத்துக் குழியில் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வெளிவாயில் பச்சை வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். சில நிமிடத்தில் வந்தால் உள்ளே நேர்ப்பாதை இருக்கிறது. சாக்கடைக் குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கேமரா திண்டுக்கல்லில் வாடகைக்குக் கிடைத்தால் மதகுக்குள் விட்டு எந்த இணைப்பில் மண் தொங்குகிறது என்று பார்த்துவிடலாம். ஆளை உள்ளே ஊர்ந்து போகச் சொல்லாதீர்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மண்ணைச் சோதிக்கிறோம் என்று போர்வெல் வண்டியைக் கரைமேல் ஏற்றாதீர்கள். அது கம்ப்ரஸர் காற்றை அழுத்தித் துளை போடும் வண்டி. அந்த அழுத்தம் கரையின் வயிற்றில் விரிசல் போட்டுவிடும். அமெரிக்காவில் ராணுவப் பொறியாளர் படையின் அணைகளில் காற்றையோ தண்ணீரையோ அழுத்தித் துளையிட மிகக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. மண் மாதிரி வேண்டுமென்றால் கையால் சுற்றித் துளைக்கும் ஆகர் என்ற கருவி போதும்.

மராமத்து வேலையைத் தை பிறந்ததும் ஆரம்பித்து, காப்பி பூக்கிற மழைக்கு முன் முடித்துவிடுங்கள். குழி இருக்கும் இடத்தில் மதகு தெரியும்வரை தோண்ட வேண்டும். பக்கங்களைச் செங்குத்தாக வெட்டாமல் ஓரடி உயரத்துக்கு ஒன்றரை அடி அகலம் என்ற சரிவில் வெட்டுங்கள். செங்குத்தாக வெட்டினால் ஆள்மேல் விழும் என்பது ஒரு பக்கம். நிரப்பிய புது மண் கீழே அமரும்போது பழைய மண்சுவரில் தொங்கி நின்று விரிசல் விடும் என்பது இன்னொரு பக்கம். குழாய் நேராக இருந்தால் உள்ளே எச்.டி.பி.இ. என்ற கெட்டி பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, அதற்கும் கல்லுக்கும் நடுவே சிமென்ட் பால் நிரப்பலாம். வளைந்து உட்கார்ந்துவிட்ட குழாய் என்றால் பிரித்துவிட்டுப் புதிதாகப் போடுவதே மேல்.

அடுத்தது பலர் விட்டுவிடும் வேலை. மதகின் கீழ்ப்பாதியில், அதாவது வயல் பக்கத்தில், குழாயைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டர் கனத்துக்கு மணல் போட வேண்டும். அந்த மணலிலிருந்து ஜல்லி வழியாகக் கரையடிக்கு ஒரு வடிகால். உங்கள் வீட்டுக் காப்பி ஃபில்டர் செய்கிற அதே வேலைதான்: தூள் தங்கும், டிகாக்‌ஷன் இறங்கும். என்றாவது இன்னொரு இடுக்கு விழுந்தாலும் தண்ணீர் மணலுக்கு வந்து, மண்ணை அங்கேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் வெளியே போய்விடும். முன்பெல்லாம் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் போட்டுத் தண்ணீரைத் தடுக்கப் பார்த்தார்கள். வளையத்துக்குப் பக்கத்தில் மண்ணைச் சரியாக இடிக்க முடியாமல் அங்கேயே பலவீனம் வந்தது, கைவிட்டார்கள்.

எந்த மணல்? இதற்கு மண் பொறியியல் அறிஞர் கார்ல் டெர்சாகி போட்டுத் தந்த கணக்கு இன்றைக்கும் செல்லும்: கரைமண்ணில் 85 சதவீதம் எந்தத் துகளளவுக்குள் அடங்குகிறதோ, மணலில் 15 சதவீதம் அடங்கும் அளவு அதைப்போல நான்கைந்து மடங்கைத் தாண்டக் கூடாது. மண் மாதிரியைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பினால் இந்த எண்களைத் தந்துவிடுவார்கள். ஆற்று மணல் கிடைப்பது அபூர்வமாகிவிட்டது. எம்-சாண்ட் போடலாம், ஆனால் அதிலுள்ள மாவுத்தூளைக் கழுவிப் போக்க வேண்டும். ஒரு சுலபமான சோதனை: ஈர மணலைச் சின்ன வாளியில் அடைத்து ஒரு தட்டில் கவிழ்த்து, அந்தத் தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் மெதுவாக இறக்குங்கள். மணல் உடனே சரிந்து பரவினால் நல்ல மணல். வாளி வடிவிலேயே நின்றால் வேண்டாம். அப்படிப்பட்ட மணல் உள்ளே விரிசல் விட்டால் அதை மூடாது.

மேலே நிரப்பும் மண்ணை அரையடி அரையடியாகப் போட்டு இடியுங்கள். குழாய்க்குப் பக்கத்தில் ரோலர் வேண்டாம், கையால் பிடித்து மண்ணை இடிக்கும் ராம்மர் போதும். பழைய மண்ணின் முகத்தைக் கொத்தி ஈரமாக்கிவிட்டுப் புதியதைச் சேருங்கள். கடைசியாக ஒன்று: 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றுக்கும்தான். உங்கள் 25 அடி அதற்குள் வராது. அந்தச் சட்டத்தின்படி யாரும் வந்து பார்க்கப் போவதில்லை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை தொடங்குமுன் மண் அணை தெரிந்த ஒரு பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டிவிடுங்கள். கடிதத்தைப் படித்து நான் சொல்வது பாதிதான்.

கேள்வி: பழனிப் பக்கம் ஒரு மண் அணைக்குக் கீழே எனக்கு மூன்று ஏக்கர். அணையில் ஊறும் தண்ணீரால்தான் என் கிணறு சித்திரையிலும் வற்றுவதில்லை. இப்போது கசிவைச் சரிசெய்யப் போகிறார்களாம். கிணறு போய்விடுமா?
(விவசாயி, ஆயக்கட்டுப் பகுதி)

பதில்: இந்தக் கேள்வியை வேலை பார்த்த காலத்தில் அணைதோறும் கேட்டிருக்கிறேன். கசிவை ஒரேயடியாக அடைக்க மாட்டார்கள், அடைக்கவும் கூடாது. கரையடியில் மணலும் ஜல்லியும் போட்டு வடிகால் அமைத்து, இப்போது பத்து இடத்தில் பிசுபிசுக்கும் தண்ணீரை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து அளப்பார்கள். அதன் பிறகு கரைக்கு ஒட்டிய நிலத்தில் ஈரம் குறையும், உங்கள் கிணற்றிலும் கொஞ்சம் மட்டம் குறையலாம். குறையாது என்று பொய் சொல்ல மாட்டேன். வடிகால் தண்ணீரை உங்கள் பக்கத்து வாய்க்காலில் விடச்சொல்லி இப்போதே மனு கொடுத்து வையுங்கள்.

மட்டம் குறைந்தது என்று கிணற்றை ஆழப்படுத்துவதோ, கரைக்கு இன்னும் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டுவதோ கூடவே கூடாது. கரையடியில் இருக்கும் மண்ணின் கனம்தான் கீழிருந்து முட்டும் நீரை அமுக்கி வைத்திருக்கிறது. அதைத் தோண்டி எடுத்தால் தண்ணீர் ஓடும் தூரமும் குறைகிறது, மேலே இருந்த கனமும் போகிறது. கிணற்றடியில் மணல் கொப்பளித்து, சுற்றிலும் சின்ன மேடாகக் குவிவதைப் பார்த்தால் உடனே அணை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வெட்டவெளியில் அப்படிக் கொப்பளித்தால் அதன் தலையில் மண்ணைக் கொட்டக் கூடாது. சுற்றிலும் மணல்மூட்டையை வட்டமாக அடுக்கி உள்ளே தண்ணீர் மட்டத்தை உயர விட வேண்டும். உயர்ந்த நீரின் எதிரழுத்தத்தில் மணல் வருவது நின்று வெறும் தண்ணீர் மட்டும் வந்தால் போதும்.

கேள்வி: எங்கள் எஸ்டேட் குளத்தின் கசிவை எப்படி அளப்பது? எவ்வளவு கசிந்தால் ஆபத்து?
(எஸ்டேட் அலுவலர், கோத்தகிரி)

பதில்: கசியாத மண்கரை கிடையாது. அளவு பெரியதாக இருந்தாலும் வருடக்கணக்கில் மாறாமல், தெளிவாக வந்தால் எனக்குக் கவலை இல்லை. சின்னக் கசிவு, அதே ஏரி மட்டத்தில் போன வருடத்தைவிட இரண்டு மடங்கு, தண்ணீரிலும் கலங்கல் என்றால் எனக்குத் தூக்கம் வராது.

கொஞ்சமாக வந்தால் ஒரு வாளியும் கடிகாரமும் போதும். அதிகம் வந்தால் வாய்க்காலுக்குக் குறுக்கே, நடுவில் 90 பாகை கோணத்தில் வெட்டிய தகட்டை நிறுத்துங்கள். இதை வி-நாட்ச் என்போம். தகட்டுக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி நீர் உயரத்தை அளக்க வேண்டும். 5 செ.மீ. உயரம் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 46 லிட்டர். 10 செ.மீ. என்றால் 260 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் போகிறது, ஆகவே குறிப்பேட்டில் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தாலும் அலட்சியமாக இருக்காதீர்கள். கூடவே ஏரி மட்டத்தையும் மழையளவையும் எழுதுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட நாளில் மலைச்சரிவிலிருந்து வரும் தண்ணீரே தகட்டை மூழ்கடித்துவிடும், அதைக் கசிவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நீலகிரியில் நான் இருந்தபோது ஒரு லஸ்கர், அதாவது அணைக் காவல் ஊழியர், இருந்தார். மேலதிகாரி யாரும் சொல்லாமலே, கசிவு நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துத் தேதி எழுதி ஒட்டி, தன் கொட்டகை ஜன்னலில் வரிசையாக வைத்திருப்பார். மறுநாள் காலையில் பாட்டிலின் அடியில் படிந்திருக்கும் வண்டலைப் பார்த்தாலே போதும். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் பீசோமீட்டர் (கரைக்குள் நீரழுத்தத்தை அளக்கும் கருவி) பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்க, நான் அந்த ஜன்னலைத்தான் முதலில் பார்ப்பேன். நீங்களும் செய்யுங்கள், செலவே இல்லை. ஒரு வெப்பமானியும் வாங்குங்கள். நிலத்தடி ஊற்றின் குளிர்ச்சி வருடம் முழுக்க அதிகம் மாறாது. கசிவு நீர் ஏரியோடு சேர்ந்தே குளிர்ந்து, ஏரியோடு சேர்ந்தே சூடாகிறது என்றால் அது ஏரியிலிருந்து குறுக்குவழியில் வருகிறது.

எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் டீட்டன் என்று 93 மீட்டர் உயர மண் அணை, முதல்முறை நிரம்பிக்கொண்டிருந்தது. 1976 ஜூன் 5 அன்று காலை ஏழு, ஏழரை மணிக்குக் கலங்கல் கசிவைப் பார்த்தார்கள். துளையில் மண்ணைத் தள்ளப் போன இரண்டு புல்டோசர்களையும் துளையே விழுங்கிவிட்டது, ஓட்டியவர்கள் தப்பினார்கள். நண்பகல் ஆக மூன்று நிமிடம் இருக்கும்போது அணை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள்.

கேள்வி: ஊட்டி ஏரியும் கொடைக்கானல் ஏரியும் இவ்வளவு காலம் நிற்கின்றனவே. அன்றைக்கு நீங்கள் சொல்லும் மணல் ஃபில்டர் கணக்கெல்லாம் ஏது?
(ஓய்வுபெற்ற ஆசிரியை, கொடைக்கானல்)

பதில்: நல்ல கேள்வி அம்மா. ஆங்கிலேய அதிகாரிகளான சல்லிவன் ஊட்டி ஏரியை 1820களிலும், லெவிஞ்ச் கொடைக்கானல் ஏரியை 1863இலும் அமைத்தார்கள். டெர்சாகியின் கணக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில். பழைய கரைகள் பல நிற்பதற்குக் காரணம் உயரம் குறைவு, அகலம் அதிகம். தண்ணீரைத் தள்ளும் உயரம் சிறியது, அது ஊறிப் போக வேண்டிய தூரம் பெரியது. மண்ணை இழுக்க அதற்கு வேகம் வராது. ஏரியடியில் படிந்த வண்டலும் ஒரு பூச்சாக உதவுகிறது. தூர் வாருகிறோம் என்று கரையை ஒட்டிச் சுரண்டினால் அந்தப் பூச்சு போய்விடும்.

உள்ளரிப்பால் உடைந்தவற்றில் பெரும்பகுதி முதல்முறை நிரம்பும்போதோ முதல் ஐந்தாண்டுக்குள்ளோ உடைந்திருக்கின்றன. ஆகவே வயதான கரைக்கு ஒரு மரியாதை உண்டு. ஆனால் அந்த மரியாதை அது இதுவரை தாங்கிய மட்டம் வரைக்கும்தான். தோட்டங்களில் கோடைக்கு இருக்கட்டும் என்று உபரி நீர் வழியும் கலிங்கில் பலகை போட்டு இரண்டடி கூடுதலாகத் தேக்குவார்கள். அந்த இரண்டடிக்கு அது புதுக் கரை. பல வருடம் காய்ந்து வெடித்த மேல்மண்ணில் முதல்முறையாகத் தண்ணீர் ஏறுகிறது. பலகை போடுவதென்றால் ராத்திரி காவலுக்கும் ஆள் போடுங்கள்.

கேள்வி: நண்டு வளை தோண்டி அணையை உடைக்க முடியுமா?
(கல்லூரி மாணவி, உதகை)

பதில்: 2019 ஜூலை 2ஆம் தேதி இரவு மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே அணை உடைந்து 19 பேருக்குக் குறையாமல் இறந்தபோது, அந்த மாநில அமைச்சர் ஒருவர் நண்டுமேல் பழி போட்டார். அதைப் படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. கசிகிறது என்று கிராமத்தார் முன்பே புகார் செய்திருந்தார்கள். நண்டைப் பிடிப்பதைவிடப் புகாரைப் பிடித்துப் பார்த்திருக்கலாம்.

வளைகள் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. நண்டு தண்ணீர் விளிம்பில் கொஞ்ச ஆழம்தான் தோண்டும். அகலமான கரையை அது தனியாக உடைக்காது. எலி, முள்ளம்பன்றி எல்லாம் வயல் பக்கச் சரிவில் ஆழமாகப் போகும். அவற்றின் வளை கரையின் ஈரப் பகுதியைத் தொட்டுவிட்டால் தண்ணீருக்கு வெளியேறும் தூரம் பாதியாகிவிடும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது எலிக்குச் சரி, கரைக்கு ஆகாது. வளையைப் பார்த்தால் வாயில் மட்டும் மண்ணை வைத்து மிதிக்காதீர்கள். கடைசிவரை தோண்டித் திறந்து, அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். காட்டுப்பன்றி கிளறிய சரிவையும் மழைக்கு முன் சமன் செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் குளக்கரையில் பெரிய வாட்டில், கற்பூர மரங்கள் நிற்கின்றன. வேர் கரையைப் பிடித்துக்கொள்ளும் என்கிறார் அப்பா. வெட்ட வேண்டுமா?
(மன்னவனூர் வாசகர்)

பதில்: அப்பா சொல்வது மலைச்சரிவுக்குப் பொருந்தும். தண்ணீர் தேக்கும் கரைக்குப் பொருந்தாது. மரம் செத்தால் வேர் மக்கும், மக்கிய வேர் இருந்த இடம் தண்ணீருக்குக் குழாய். காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு துண்டையும் பெயர்த்துக்கொண்டு போகும். ஆனால் பெரிய மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விடுவது மரத்தை விடுவதைவிட மோசம். ஏரியை இறக்கி, அடிக்கட்டையையும் தடித்த வேர்களையும் தோண்டி எடுத்து, குழியைச் சரிவாக வெட்டி, நல்ல மண்ணை அடுக்கடுக்காக இடித்து நிரப்பி, மேலே புல் வளர்க்க வேண்டும். வயல் பக்கச் சரிவின் அடியில் நிற்கும் மரமானால் குழியின் அடியில் முதலில் மணல் போட்டுவிடுங்கள். கைப்பிடிக்குள் அடங்கும் கன்றுகளை இந்த வாரமே பிடுங்கிவிடலாம். பெரியவற்றுக்கு 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டுமா என்று வனச்சரக அலுவலகத்தில் விசாரித்து, மனுவை இப்போதே கொடுத்துவிடுங்கள். அனுமதி வந்து வேலை முடிவதற்குள் ஐப்பசி வந்துவிடக் கூடாது.